துயிலும் மகிழுந்து

உழைத்துத் தேயும் பொருளைக் கண்டு இரங்குவோர் பலர். உறங்கிக் கெடும் பொருளைக் கண்டு விழித்துக்கொள்வோர் சிலரே. நாள்தோறும் சுழலும் சக்கரம் தேய்வது கண்ணுக்குத் தெரிகிறது. மாதக்கணக்கில் அசையாது நிற்கும் சக்கரம் கெடுவது தெரிவதில்லை. ஓடாத வண்டிக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று கேட்பது எளிது. ஆனால் ஒரு மகிழுந்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்து, மீண்டும் எடுக்கும் நாளில் அது வைத்தபடியே இருக்க வேண்டுமானால், அதற்கென ஓர் அறிவும் ஓர் ஒழுங்கும் வேண்டும். குளிர்நாட்டு மக்கள் அவ்வறிவை ஆண்டுதோறும் பயின்று வருகின்றனர்.

கனடாவின் தலைநகரமாகிய ஒட்டாவாவில் அக்டோபர் மாதம், மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூண்டு இலையுதிர்க்கும் மாதம். அடுத்த சில வாரங்களில் பனி விழத் தொடங்கும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸையும் தாண்டி இறங்குவதுண்டு. அந்நகர மக்கள் அக்டோபரில் இருவகை ஏற்பாடுகளைச் செய்கின்றனர். குளிர்காலத்திலும் ஓட வேண்டிய வண்டிக்குப் பனிக்கால டயர்களைப் பூட்டுகின்றனர். ஒட்டாவா ஆற்றின் மறுகரையில் உள்ள கியூபெக் மாநிலத்தில் இது 2008-ஆம் ஆண்டு முதல் சட்டமாகவே உள்ளது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அத்தகைய டயர் இல்லாமல் அங்குப் பதிவுபெற்ற மகிழுந்து சாலையில் செல்லலாகாது. இது ஓடும் வண்டிக்குரிய ஏற்பாடு. மற்றோர் ஏற்பாடு ஓடாத வண்டிக்குரியது. அதுவே நுணுக்கம் மிக்கது.

அந்நகரில் அறுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவருடைய வண்டிக்கொட்டகையில் 1967-ஆம் ஆண்டு செய்யப்பட்ட மஸ்டாங் வண்டி ஒன்று நிற்கிறது. அவருடைய தந்தையார் புதிதாக வாங்கியது அது. தந்தையாருக்கு வேறு வண்டி கிடையாது. ஆகவே கோடையிலும் அதனையே ஓட்டினார், கொடும்பனியிலும் அதனையே ஓட்டினார். பத்து ஆண்டுகளுக்குள் அதன் அடித்தட்டில் கை நுழையுமளவு ஓட்டைகள் விழுந்தன. வண்டி ஓரமாக நிறுத்தப்பட்டது. மகன் வளர்ந்து, பொருளீட்டி, துருவேறிய பகுதிகளை வெட்டி நீக்கிப் புதுத் தகடுகளைப் பற்றவைத்து அதற்கு மறுபிறவி அளித்தார். அன்று முதல் அவ்வண்டி குளிர்காலச் சாலையைக் கண்டதில்லை. இப்போது அவருக்கு முழங்கால் வலி. வண்டிக்கு அடியில் தவழ்ந்து செல்ல முடிவதில்லை. பன்னிரண்டு வயதுப் பேரன் கையில் விளக்கோடு அருகில் நிற்கிறான். இந்த ஆண்டு அடியில் போகப் போகிறவன் அவன்தான்.

அந்த வண்டியைத் தின்றது பனியென்று எண்ணுதல் தவறு. தின்றது உப்பு. சாலையில் உறைந்த பனிக்கட்டியை உருக்குவதற்குக் கல்லுப்பைத் தூவும் வழக்கம் வட அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேகமாகப் பரவியது. ஒண்டாரியோ மாநிலத்தின் கோடெரிச் என்னும் சிற்றூரில், 1866-ஆம் ஆண்டு எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் உப்புப் படிவைக் கண்டனர். இன்று ஹியூரான் ஏரியின் அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கு இயங்குகிறது. கனடாவின் சாலைகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டன் உப்புத் தூவப்படுவதாக அரசின் மதிப்பீடு கூறுகிறது. அவ்வுப்பு மனித உயிர்களைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. வழுக்கும் சாலையில் நிகழக்கூடிய விபத்துகளை அது தடுக்கிறது. எனினும், இரும்புக்கு அது நஞ்சு.

தூய நீர் சுழியம் பாகையில் உறையும். உப்புக் கலந்த நீர் அதனினும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கலந்தால் சுழியத்துக்குக் கீழ் 21 பாகை வரை அது நீராகவே இருக்கும். பனிக்கட்டி உருகுவதன் காரணம் இதுதான். அந்த உப்புநீர் சக்கரத்தால் வாரியிறைக்கப்பட்டு வண்டியின் அடிப்பகுதியெங்கும் ஒட்டிக்கொள்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் தேவை. உப்புக் கலந்த நீர் மின்னை எளிதில் கடத்துவதால் அத்துருப்பிடித்தல் பன்மடங்கு விரைவாக நடைபெறுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது தமிழர் பழமொழி. அந்நாட்டு மகிழுந்தும் உப்பிட்ட சாலையை உள்ளளவும் நினைவில் வைத்திருக்கிறது, துருவின் வடிவில்!

எனவே முதல் வேலை கழுவுதல். காலை இளவெயிலில் பெரியவர் இரண்டு வாளிகளை எடுத்து வைக்கிறார். ஒன்றில் சோப்புநீர், மற்றொன்றில் வெறும் நீர். வண்டியைத் தேய்த்த துணியை முதலில் வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் சோப்புநீரில் நனைக்க வேண்டும். ஒரே வாளியாயின் வண்டியிலிருந்து நீங்கிய மணல் அவ்வாளிக்குள்ளேயே கிடந்து, துணியோடு திரும்பி வந்து, வண்ணப்பூச்சில் கீறல் போடும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவ வேண்டும். ஏனெனில் அழுக்கு மிகுதியாக இருப்பது கீழே. கீழ்ப்பகுதியைத் துடைத்த துணி மேலே ஏறலாகாது. சக்கரங்களுக்கு வேறு துணி, வேறு வாளி. பேரன் இவற்றையெல்லாம் முதலில் கட்டளையாகக் கேட்டுக்கொள்கிறான். கழுவி முடிந்ததும் வெறும்நீர் வாளியின் அடியில் படிந்த கருமணலைக் கண்டபோதுதான் அது ஏன் என்று அறிகிறான்.

கழுவிய பின்னும் வண்ணப்பூச்சு முழுத் தூய்மை அடைவதில்லை. விரல் நுனியால் தடவினால் சொரசொரப்புத் தட்டுப்படும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகளும், சாலைத் தாரும், மரப்பிசினும் அதில் ஊன்றி நிற்கும். களிமண் போன்றதொரு மென்கட்டியை வழுக்கும் நீர் தெளித்து மெல்லத் தேய்த்தால் அவை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாகாது. தரையின் மணல் அதில் புதைந்திருக்கும். எறிந்துவிட வேண்டியதுதான்.

அழுக்கை நீக்கிய பின்னரே மெழுகு. இந்த வரிசை மாறலாகாது. அழுக்கின் மேல் மெழுகு பூசினால் அழுக்குக்குத்தான் பாதுகாப்பு. பறவை எச்சம் ஒரு துளி மீதமிருந்தாலும், போர்வைக்கு அடியில் ஆறு மாதம் கிடந்து வண்ணத்தை அரித்துவிடும். மெழுகுகளுள் பெயர்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில், நீண்ட வறட்சி நிலவும் நிலத்தில் வளரும் ஒரு பனைவகை, தன் ஈரம் வெயிலில் உலர்ந்து போகாதபடி இலைகளின் மேல் மெழுகைச் சுரந்துகொள்கிறது. அந்த இலைகளை வெட்டி உலர்த்தி அடித்து உதிர்க்கும் தூளிலிருந்து இம்மெழுகு கிடைக்கிறது. வெப்ப நாட்டுப் பனை தன் உள்ளீரத்தைக் காக்கச் செய்த கவசம், குளிர் நாட்டு வண்டியை வெளியீரத்திலிருந்து காக்கிறது. இயற்கை ஓரிடத்தில் கற்ற பாடம் மற்றோரிடத்தில் பயன்படுவதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து உட்புறம். இருக்கைகளையும் தரைவிரிப்புகளையும் தூசு உறிஞ்சும் கருவியால் துப்புரவு செய்ய வேண்டும். பேரன் கோடையில் தின்ற பிஸ்கட்டின் துணுக்கு ஒன்று இருக்கையின் இடுக்கில் கிடந்தாலும் அது சுண்டெலிக்கு விருந்தழைப்பாகிவிடும். குளிருக்கு அஞ்சி இடம் தேடும் எலிகளுக்கு நிற்கும் வண்டியைப் போன்ற வீடு வேறில்லை. அவை காற்று வடிகட்டியில் கூடு கட்டும், இருக்கைப் பஞ்சைப் பிய்க்கும், மின்கம்பிகளைக் கடிக்கும். ஆகவே புகைபோக்கிக் குழாயின் வாயையும் காற்று நுழையும் வாயையும் இரும்புப் பஞ்சினால் அடைத்துவிடுவர்.

இனிக் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். உள்ளே இருக்கும் நீர்மங்களுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் கெடக்கூடியது. ஓடிய எஞ்சினின் எண்ணெயில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது ஆறு மாதம் உள்ளே தேங்கி நின்றால் உலோகத்தை அரிக்கும். வசந்தத்தில் எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்று பழைய எண்ணெயை விட்டுவைப்போர் உண்டு. பெரியவர் நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுகிறார். பெட்ரோல் தொட்டியை ஏறக்குறைய முழுதும் நிரப்புகிறார். தொட்டியில் வெற்றிடம் இருந்தால் அங்குள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீர்த்துளிகளாகிவிடும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதும் உண்டு. அது நீரை ஈர்க்கும் இயல்புடையது. பெட்ரோல் பழையதாகிப் பிசின்போல் படியாதிருக்க ஒரு மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை சென்று சேரும்படி வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வருகிறார். கழுவியபோது பிரேக்குகளில் தேங்கிய நீரும் அவ்வோட்டத்தில் உலர்ந்துவிடுகிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தில் மாணவர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உள்ளது. நீர் சுழியம் பாகையில் உறையும். உறைதலைத் தடுக்கச் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைகோல் தனியாக இருந்தால் சுழியத்துக்குக் கீழ் 13 பாகை அளவில் உறைந்துவிடும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் சுழியத்துக்குக் கீழ் 37 பாகை வரை உறைவதில்லை! தனித்து நின்றால் தாங்காத இரண்டு, கூடி நின்றால் தாங்குகின்றன. அக்கலவை போதிய வலுவோடு இருக்கிறதா என்று ஒரு சிறு கருவியால் பேரனே அளந்து சொல்கிறான். நீர் மிகுந்துவிட்டால், அது உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும்.

மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், மெல்ல மின்னேற்றும் கருவியோடு இணைத்து வைக்கின்றனர். முழு மின்னேற்றம் உள்ள மின்கலம் 12.6 வோல்ட் காட்டும். அதிலுள்ள அமிலக் கரைசல் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 60 பாகை வரை உறையாது. மின்னிழந்து போன மின்கலத்தின் கரைசலோ பெரும்பாலும் நீராகவே மாறிவிடுவதால், சுழியத்துக்குக் கீழ் பத்துப் பாகைக்குள்ளாகவே உறைந்து கலத்தை வெடிக்கச் செய்யும். நிரம்பிய மின்கலத்தைக் குளிர் அண்டுவதில்லை. வெறுமையான மின்கலமே குளிருக்கு இரையாகிறது.

டயர்களில் வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாகக் காற்று நிரப்புகின்றனர். ஒரே இடத்தில் பாரம் தாங்கி நிற்கும் டயர் அவ்விடத்தில் தட்டையாகிவிடும். கை பிரேக்கை இழுத்து வைப்பதில்லை. ஈரத்தில் பிரேக்குக் கட்டைகள் உருளையோடு ஒட்டிக்கொள்ளக் கூடும். அதற்கு மாறாகச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டைக் கொடுக்கின்றனர். இறுதியாகப் போர்வை. நீர்புகா நெகிழித்தாள் நன்றாகப் பாதுகாக்கும் என்று தோன்றும். ஆனால் தரையிலிருந்து எழும் ஈரம் அதற்குள் சிக்கிக்கொண்டு வெளியேற வழியின்றி வண்டியின் மேலேயே படியும். காற்றுப் புகுந்து வெளியேறும் துணிப் போர்வையே ஏற்றது. முற்றிலும் மூடுதல் காத்தலாகாது என்பதைப் பலர் நட்டப்பட்டே கற்கின்றனர்.

எல்லாம் முடிந்த பின், பெரியவர் ஓர் அட்டையை எடுத்துப் பேரனிடம் கொடுத்து எழுதச் சொல்கிறார். புகைபோக்கியிலும் காற்றுக் குழாயிலும் இரும்புப் பஞ்சு உள்ளது. மின்கலம் வீட்டினுள் உள்ளது. டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும். மரக்கட்டைகளை எடுக்க வேண்டும். நாளும் இடப்படுகிறது. அட்டை ஓட்டுநர் வளையத்தில் கட்டித் தொங்கவிடப்படுகிறது. தானே செய்த வேலையைத் தனக்கே எழுதி வைப்பது எதற்கு என்று பேரன் வினவுகிறான். வசந்தத்தில் வண்டியைத் திறப்பது தானாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று பெரியவர் விடை கூறுகிறார். சிறுவன் சற்று நேரம் பேசாதிருக்கிறான். பிறகு எழுத்துகளை இன்னும் தெளிவாக எழுதத் தொடங்குகிறான்.

ஜனவரியில் ஒரு நாள் பேரனுக்கு ஆவல் மேலிடுகிறது. ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் வண்டிக்கு நல்லதுதானே என்று கேட்கிறான். பலரும் அப்படித்தான் செய்கின்றனர். ஆனால் எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் முழுதாகச் சூடேறும் அளவு ஓடினால் அந்த ஈரம் வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால், அது புகைபோக்கிக் குழாயிலும் எண்ணெயிலும் நீராகத் தங்கி அரிக்கத் தொடங்கும். அரைகுறையாக எழுப்புவதைவிட முழுமையாக உறங்கவிடுவதே மேல். இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் பேரனை வண்டியைச் சுற்றி வரச் சொல்கிறார். எலியின் தடம் உண்டா, தரையில் எண்ணெய்த் துளி உண்டா, போர்வை எங்கேனும் ஈரமாக உள்ளதா என்று பார்ப்பதுதான் அவனுக்கு இட்ட வேலை. தொடாமல் காக்கும் பொறுமையும் ஒரு கல்வியே.

மார்ச் மாதத்தில் வெயில் தலைகாட்டும். அவசரப்படுவோர் அன்றே வண்டியை வெளியே எடுப்பர். பெரியவர் காத்திருப்பார். பனி உருகினாலும் சாலையின் உப்பு அங்கேயே கிடக்கும். நல்ல மழை இரண்டு மூன்று பெய்து அதனைக் கழுவிச் செல்ல வேண்டும். ஆறு மாதப் பொறுமையை அரை மணி நேர அவசரம் பாழாக்கிவிடக் கூடாது. மழை பெய்து ஓய்ந்த ஏப்ரல் நாளொன்றில் அட்டையை அவிழ்த்து, எழுதியபடியே ஒவ்வொன்றாகச் செய்வர். கடைசியில் மின்கலத்தை இணைத்துச் சாவியைத் திருப்பும்போது, எஞ்சின் சற்றே தயங்கி, பிறகு கனைத்துக்கொண்டு எழும்.

நிறுத்தி வைத்த பொருள் கெடும் என்னும் உண்மையை அறிய ஒட்டாவா வரை செல்ல வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டு வாயில்களிலும் அடுக்குமாடித் தரிப்பிடங்களிலும் மகிழுந்துகள் வாரக்கணக்கில் நின்றன. பனியுமில்லை, உப்புமில்லை. எனினும் மீண்டும் சாவியைத் திருப்பியவர்களுள் பலர், மின்கலம் செத்துக் கிடக்கக் கண்டனர். குளிர்நாட்டான் பனி வரும் நாளை அறிவான். ஆகவே ஆயத்தம் செய்கிறான். வெப்பநாட்டானுக்கு அப்படியொரு நாள் நாட்காட்டியில் குறிக்கப்படுவதில்லை. வருமுன் காத்தல் அவனுக்குக் கடினமாவதன் காரணம் இதுவே.

கற்ற கல்வியும் இதற்கு விலக்கன்று. நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பின் கணக்கை மறந்து வரும் மாணவனையும், பணி ஓய்வுக்குப் பின் நூலைத் தொடாது புலமை மங்கிய ஆசிரியரையும் உலகம் கண்டிருக்கிறது. அவர்கள் உழைத்துத் தேயவில்லை, ஆயத்தமின்றி நிறுத்தப்பட்டனர். ஐயம் தீர்க்காது மூடிய பாடம், அழுக்கின்மேல் பூசிய மெழுகைப் போன்றது. எங்கு விட்டோம், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்து வைக்காத படிப்பு, அட்டை கட்டாத வண்டியைப் போன்றது.

ஒரு பொருளைத் தன் காலம் முழுவதும் காப்பவன் நல்ல உரிமையாளன். தன் காலத்துக்குப் பின்னும் அது காக்கப்படும்படி மற்றொருவனுக்குக் காரணத்தோடு கற்பித்துச் செல்பவன் ஆசிரியன். தந்தையார் விட்டுச்சென்ற அந்த வண்டி இனி எத்தனை குளிர்காலங்களைக் கடக்கும் என்பது அதன் தகட்டின் கனத்தைப் பொறுத்ததன்று. அட்டையில் எழுதிய சிறுவன், எழுதியவற்றின் காரணங்களை எவ்வளவு தூரம் உணர்ந்து எழுதினான் என்பதைப் பொறுத்தது.